இரண்டாவது பெயர்

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் இன்னும் வாசலில் அடுக்கியபடியே கிடந்தன. எடுத்துப் போகிறவன் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று போனில் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். தேடல் மேடம் அவற்றைச் சுற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அந்த விருந்துக்கு நீங்களும்தான் வந்திருந்தீர்கள். மாடி வீட்டுச் சின்னவருக்கு, அதாவது நம் தேடல் மேடத்தின் கணவருக்கு, அவர் கல்லூரியில் இணைப் பேராசிரியர் பதவி வந்த சந்தோஷம். கீழ் வீட்டுப் பெரியவர், அவருடைய அண்ணன், பல்கலைக்கழகத்தில் டீன் எனப்படும் புலத் தலைவர் ஆகப்போகிறார் என்ற பேச்சும் அதே வாரம் காதில் விழுந்ததால் ஒரே பந்தலில் இரண்டு சந்தோஷம்.

"ஒரு கட்டுரை, ஒரே ஒரு கட்டுரை நல்ல இதழ்ல வரட்டும்டா, பதவி தானா வரும்னு சொல்லிட்டே இருந்தேன். வந்துடுச்சு பாருங்க" என்று பெரியவர் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கிற குரலில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். தேடல் மேடமும் தட்டினாள்.

அந்தக் கட்டுரையை அவள் படித்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் யார் என்ன எழுதினாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும். புருஷன் எழுதியதைப் படிக்க மட்டும் நேரம் அமையவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எங்கே ஓடிப் போகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாவது மாடியில் 'ஆய்வு உதவி' என்று பலகை தொங்கும் மேசை அவளுடையது. கட்டுரைகளை எப்படித் தேடுவது, கிடைத்ததில் எதை நம்புவது, யார் சொன்னதை எங்கே குறிப்பிடுவது என்றெல்லாம் ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள். அவள் நடத்தும் 'தேடல் வகுப்பு' பிரபலமாகி, அவளுடைய சொந்தப் பேர் பிள்ளைகளுக்கு மறந்தே போனது. சின்னவர்கூட வீட்டில் மூக்குக்கண்ணாடி காணாமல் போனால், "தேடல் மேடத்தைக் கூப்பிடு" என்பார்.

வகுப்பின் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவாள். "இந்த மேசையில நீங்க கேக்கறது வெளியில போகாது. முட்டாள்தனமான கேள்வியா இருக்கேன்னு பயப்படாதீங்க. உங்க கைடே வந்து கேட்டாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அதை நம்பித்தான் பிள்ளைகள் வந்தார்கள்.

இன்று நூலகக் கதவு திறப்பதற்கு முன்பே ஒருத்தி வந்து படிக்கட்டில் நின்றிருந்தாள். எந்நேரமும் ஜன்னலோர இருக்கையிலேயே உட்கார்ந்து எழுதுவதால் ஊழியர்கள் அவளுக்கு 'ஜன்னலோரம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. தூங்கின முகமாகத் தெரியவில்லை.

"உள்ள வா" என்று கண்ணாடித் தடுப்புப் போட்ட ஆலோசனை அறைக்கு அழைத்துப் போனாள் தேடல் மேடம். இரண்டு நாற்காலி, ஒரு திரை, ஒரு டிஷ்யூ பெட்டி. தும்மலுக்கென்று வாங்கி வைத்தது, அழுகைக்குத்தான் தீரும்.

"மேடம், நீங்க போட்டுக் குடுத்த அலர்ட் வேலை செஞ்சுது."

ஆய்வுத் தலைப்பில் புதிதாக எந்தக் கட்டுரை வந்தாலும் மெயிலில் தகவல் வருகிற ஏற்பாடு அது. எல்லா மாணவர்களுக்கும் அமைத்துக் கொடுப்பாள்.

"உன் தலைப்புல வேற யாராவது எழுதிட்டாங்களா? எல்லாருக்கும் இந்தப் பயம் வரும். நீ தனியா இல்லைன்னு அர்த்தம், அவ்வளவுதான். அவங்களைக் குறிப்பிட்டுட்டு நீ மேல போ."

"வேற யாரோ இல்ல மேடம். நான் எழுதினதேதான்."

ஜன்னலோரம் தன் மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள்.

அவளுடைய ஆராய்ச்சி துணிக்கடைகளில் காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே விற்கிற பெண்களைப் பற்றியது. தேடல் மேடத்துக்கு அது நன்றாகவே தெரியும். போன மழைக்காலத்தில் மூன்றாவது அத்தியாயத்தைத் தூக்கிக்கொண்டு இதே நாற்காலியில்தான் வந்து உட்கார்ந்தாள். மேற்கோள்களெல்லாம் தாறுமாறாக இருக்க, இரண்டு பேருமாக உட்கார்ந்து சரிசெய்தார்கள். அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்று வீட்டுக்குப் போன தேடல் மேடம், மறுநாள் ஒரு கடையில் நைட்டி வாங்கும்போது விற்பனைப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது தனிக்கதை.

இப்போது திரையில் அதே வரிகள். அங்கங்கே சொல்லை மாற்றி, பத்தியை முன்னே பின்னே நகர்த்தியிருந்தார்கள். ஒரு மேற்கோள் மட்டும் முழுசாக, கை படாமல் இருந்தது.

'காலைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வந்துடலாம் போல இருக்கும். ஆனா நிக்கறதுக்குத்தானே சம்பளம்.' கட்டுரையாளர்கள் நேரில் சந்தித்த ஒரு விற்பனைப் பெண் சொன்னது என்று கீழே குறிப்பு.

"இதைச் சொன்னது யாருன்னு உங்ககிட்ட நான் சொன்னதில்ல மேடம்" என்றாள் ஜன்னலோரம். "எங்கம்மா. ரொம்ப நாள் வாயே திறக்கல. ஒருநாள் காலுக்குச் சுடுதண்ணி ஊத்திட்டு இருக்கும்போது தானா சொன்னாங்க. எழுதிக்கட்டுமான்னு கேட்டேன். என் பேரு வரக்கூடாது, கடை தெரியக்கூடாது, முதலாளி பார்த்தா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாருன்னாங்க. நீங்களும் அன்னிக்கு அதையேதான் சொன்னீங்க. இடத்தை மறைச்சு எழுதுன்னு. மறைச்சேன்."

"ஆமா."

"இதுல மறைக்கல. மணிக்கூண்டுக்கு எதிர்ல இருக்கற மூணு மாடிக் கடைன்னு இருக்கு. என் முதல் வரைவுல அப்படித்தான் இருந்துச்சு. முதல் வரைவு நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் குடுத்தேன்."

அவள் திரையை மேலே தள்ளினாள். தலைப்பு. தலைப்புக்குக் கீழே எழுதியவர் பெயர்.

பெரியவர்.

தேடல் மேடம் அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள். இந்தப் பெண்ணுக்கு அவர் கைடு. தனக்கு மூத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அவர், "வளாகத்துல நாம சொந்தம்னு யாருக்கும் தெரிய வேண்டாம், பேச்சு வரும்" என்று சொல்லியிருந்தார். அதனால் பழைய ஊழியர்கள் இரண்டு மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. வளாகத்தில் அவரை 'சார்' என்பாள். வீட்டில் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காலம் தள்ளிவிட்டாள்.

நான் அவர் வீட்டு ஆள்தானம்மா, இதை நீ வேறு யாரிடமாவது கேட்பதுதான் நியாயம் என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். சொல் தொண்டைவரை வந்தது.

"இந்த ரெண்டாவது பேரு யாருன்னே தெரியல மேடம்" என்றாள் ஜன்னலோரம். "எங்க துறையில அப்படி யாரும் இல்ல. ஏதோ வெளிக் கல்லூரி. உங்க வகுப்புல சொன்ன மாதிரி தேடிப் பார்க்கணும்."

தேடல் மேடம் குனிந்து பார்த்தாள். பத்திரிகை அடித்துக் கழுத்தை நீட்டி, பதினெட்டு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிடுகிற மனிதரின் பெயர்.

தொண்டைவரை வந்தது அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டது.

வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது. "யார்கிட்டயும் சண்டை போடாதே. அவருக்கு மெயில் எதுவும் எழுதாதே. உன் வரைவு எல்லாத்தையும், நீ அவருக்கு அனுப்பின மெயிலோட சேர்த்து, இன்னொரு பிரதி எடுத்து வெளியில வை. இதுக்குன்னு ஆய்வு நெறிக் குழு இருக்கு. நாளைக்குக் காலையில வா. எப்படி எழுதிக் குடுக்கறதுன்னு உக்காந்து பார்ப்போம்."

"அம்மா கடை விஷயம்?"

"அதைத்தான் முதல்ல எழுதணும்."

எழுந்தவள் கதவில் கை வைத்து நின்றாள். "இது இந்த மேசையோட இருக்கும் இல்ல மேடம்?"

"இருக்கும்" என்றாள் தேடல் மேடம்.

மதியம்வரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு பையன் புள்ளியியல் புத்தகம் கேட்க, இவள் சமையல் புத்தகங்கள் இருக்கும் அடுக்கைக் காட்டிவிட்டாள். அவனும் மரியாதைக்குப் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

கடைசியில் பொறுக்க முடியவில்லை. பழைய இதழ்களைக் கட்டி வைத்திருக்கும் அறைக்குள் போய்க் கணவருக்குப் போன் போட்டாள். அங்கேதான் யாரும் வர மாட்டார்கள்.

"என்னங்க, உங்க கட்டுரை எதைப் பத்தி?"

"என்ன திடீர்னு?"

"சொல்லுங்க."

"அது... கடையில வேலை பார்க்கற பெண்கள் பத்தி. ஏன்?"

"நீங்க எந்தக் கடைக்குப் போனீங்க? யாரோட பேசினீங்க? நேரில் சந்தித்தோம்னு போட்டிருக்கே. உங்களுக்குச் சட்டை எடுக்கறதே நான்தான்."

அந்தப் பக்கம் கல்லூரி மணி அடித்து ஓய்ந்தது.

"அண்ணன்தான் எழுதினார்" என்றார். "உன் பேரையும் போடறேன், பதவிக்கு ஆகும்னார். எல்லா இடத்துலயும் நடக்கறதுதானே. நான் எழுத்துப்பிழை பார்த்தேன்."

"எழுத்துப்பிழை."

"ஏன், இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக மாறுவதற்குள் சுதாரித்துக்கொண்டாள். "அது ஒரு பொண்ணோட தீசிஸ்ங்க. அத்தியாயம் அப்படியே இருக்கு. நான் கையில வெச்சுத் திருத்தினது."

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொன்னா என்ன?"

"அந்தப் பொண்ணே வந்தாளா? உன்கிட்ட வந்து சொன்னாளா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்தான், ஆனாலும் சொல்லியிருக்கலாம். அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததே பதிலாகிவிட்டது என்பது அப்போது அவள் புத்திக்கு எட்டவில்லை.

"சாயங்காலம் பேசலாம்" என்று வைத்துவிட்டாள்.

மாலைத் தேடல் வகுப்பில் அன்றைய பாடம் மேற்கோள். பிறர் எழுதியதை எப்படி எடுத்தாள்வது, எங்கே பேர் போடுவது. ஒவ்வொரு வாரமும் கடகடவென்று ஓடுகிற வகுப்பு, இன்று மாட்டு வண்டியாக நகர்ந்தது.

பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். "மேடம், எழுதினவரே பரவாயில்ல எடுத்துக்கோன்னா, பேரு போடாம எடுக்கலாமா?"

"படிக்கறவனை ஏமாத்தறதுக்கு எழுதினவர் எப்படி அனுமதி குடுப்பார்?" என்றாள்.

பிள்ளைகள் அதைக் குறித்துக்கொண்டார்கள். அவள் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். கையிலேயே இருந்தது.

பஸ்ஸில் இருந்து இறங்கும்போது தூறல். கேட்டைத் திறந்ததும் கீழ் வீட்டு வாசலில் சின்னவரின் செருப்பு தெரிந்தது. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாரா? அதன் பக்கத்தில், ஓரம் தேய்ந்த பெண்கள் செருப்பு ஒரு ஜோடி. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே பெரியவரின் குரல், தேன் தடவினது போல.

"நீ எனக்கு மக மாதிரிம்மா. இதுல பயப்பட என்ன இருக்கு?"

தேடல் மேடம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சோபாவின் நுனியில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சின்னவர் புத்தக அலமாரியில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரின் மனைவி, தேடல் மேடம் அக்கா என்று கூப்பிடுகிற ஓர்ப்படி, டீ தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். அந்த அக்கா சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கடைக்குப் போவதென்றால்கூடப் பெரியவரைக் கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள்.

"வாம்மா, வா" என்றார் பெரியவர். ஜன்னலோரத்தைப் பார்த்துத் திரும்பினார். "இவங்களை உனக்குத் தெரியுமே. எங்க தம்பி சம்சாரம். மாடியிலதான் இருக்காங்க. இவன்தான் தம்பி. அந்த ரெண்டாவது பேரு யாருன்னு நீ தேட வேண்டாம்."

ஜன்னலோரம் எழுந்து நின்றாள். அவள் தேடல் மேடத்தைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. கூட்டத்தில் கைவிட்டுப் போன குழந்தை முழிக்குமே, அப்படி ஒரு முழி.

"நான் உங்ககிட்ட மட்டும்தான் மேடம் சொன்னேன்."

தேடல் மேடம் கணவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உக்காரும்மா, உக்காரு" என்றார் பெரியவர். "விஷயம் ரொம்பச் சின்னது. அவசரத்துல உன் பேரு விட்டுப்போச்சு. இதழுக்கு ஒரு திருத்தம் அனுப்பி மூணாவதா உன் பேரைச் சேர்த்துடலாம். மூணு பேரும் சேர்ந்து செஞ்ச வேலைன்னு நீ ஆசிரியருக்கு ஒரு வரி எழுதினா போதும். இப்பவே போன்லயே எழுதிடலாம். படிக்கற வயசுலயே இப்படி ஒரு இதழ்ல பேரு வர்றது லேசுப்பட்ட விஷயமா?"

"சார், கடை எதுன்னு அடையாளம் தெரியற மாதிரி இருக்கு. அதையாவது எடுத்துடுங்க சார்."

"அதையெல்லாம் யாரு உக்காந்து படிக்கப் போறா?" அவர் சிரித்தார். "அடுத்த மாசம் உன் வைவா. அது நல்லபடியா நடக்கணும். என் கவலையெல்லாம் அதுதான்."

மிரட்டல் என்று எடுத்துச் சொல்ல அதில் ஒரு வார்த்தை இல்லை. ஜன்னலோரத்தின் கை பைக்குள் போய்ப் போனை எடுத்தது. கட்டைவிரல் மெயிலைத் திறந்தது.

"எதையும் அனுப்பாதே" என்றாள் தேடல் மேடம்.

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"நீ மேல போம்மா" என்றார் பெரியவர்.

"அந்த அத்தியாயம் மழைக்காலத்துலயே என் மேசைக்கு வந்துடுச்சு சார்." வீட்டுக்குள் அவரை அவள் ஏதோ சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் போட்ட திருத்தத்தோட எங்க சிஸ்டத்துல இருக்கு."

"அதெல்லாம் வருஷா வருஷம் அழிப்பீங்க இல்ல?"

"அழிப்போம். இதை அழிக்க மாட்டேன்."

பெரியவரின் குரலில் தேன் வற்றிவிட்டது. "தம்பி, உன் சம்சாரம் என்ன பேசறாங்கன்னு கேட்டியா? நாளைக்கு இது வெளியில போனா என்னை ஒண்ணும் பண்ண முடியாது. எழுதி எழுதி முதுகு வளைஞ்சவன் நான். நேத்து வந்த உன் பதவிதான் முதல்ல போகும். அதையும் அவங்களுக்குச் சொல்லு."

சின்னவர் அலமாரியில் ஒரு புத்தகத்தை உள்ளே தள்ளி வைத்தார்.

ஜன்னலோரம் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எதையும் அனுப்பவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலுக்கு நடந்தாள்.

தேடல் மேடம் பின்னாலேயே போனாள். "நான் அவர்கிட்ட சொல்லலம்மா. வீட்டுக்காரர்கிட்ட போன்ல கேட்டுட்டேன். தப்புதான். நாளைக்குக் காலையில நீ வா, நான் கூட..."

"நான் வரல மேடம்." ஈரச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே சொன்னாள். "உங்க வகுப்புல எல்லாத்தையும் எங்க தேடறதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. யார்கிட்ட சொல்லலாம்னு நானாதான் கண்டுபிடிச்சிருக்கணும்."

தூறல் வலுத்திருந்தது. குடை இல்லாமல் கேட்டைத் தாண்டிப் போனாள்.

அப்போது தேடல் மேடத்தை இடித்துக்கொண்டு யாரோ வெளியே போனார்கள். அக்கா. கையில் குடை. டீ தட்டை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. பெரியவரைக் கேட்கவில்லை. செருப்பைக்கூட மாட்டவில்லை. வெறுங்காலோடு தெருவில் இறங்கி, "இந்தாம்மா, நில்லு" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள்.

பஸ் நிறுத்தம்வரை குடை பிடித்துவிட்டு வந்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மாடியில் தேடல் மேடம் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். சின்னவர் வாசற்கதவருகே நின்றார். சொந்த வீட்டுக்குள் வர அனுமதி கேட்பது போல.

"அண்ணன்கிட்ட எப்படிச் சொல்லாம இருக்கறது?" என்றார். "அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வெச்சது அவர்தானே. ஏதாவது ஒரு விளக்கம் இருக்கும்னு கேட்டேன். பொண்ணைக் கூப்பிட்டு விடுவார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"யாருன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உன்கிட்ட ஒரு பொண்ணு வந்து சொன்னாளாம்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

"அது போதாதா?"

அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். "என் பேரை எடுத்துடுங்கன்னு நானே இதழுக்கு எழுதிடட்டுமா?"

"எழுதுங்க."

"எழுதினா பதவி நிக்குமா?"

"தெரியலங்க" என்றாள். நிற்காது என்றுதான் தோன்றியது. அதைச் சொல்ல மனசு வரவில்லை. விருந்தன்று கண்ணாடி முன்னால் நின்று புதுச் சட்டையின் காலரை மூன்று விதமாக மடித்துப் பார்த்த மனுஷன். அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம் போலவும் இருந்தது.

"மத்தியானம் நான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கக் கூடாது" என்றாள்.

அது அவருக்கு எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. பொண்டாட்டி புருஷனுக்குப் போன் பண்ணியிருக்கக் கூடாது என்று சொல்லும்படி ஆகிவிட்டதே.

வெளியே மழை விட்டது. கீழே பெரியவர் நடமாடும் சத்தம். குழாய் திறந்து மூடியது. பாத்திர மூடி ஒன்று விழுந்து உருண்டது. அந்த வீட்டில் அவர் பாத்திர மூடி தொட்டு யாரும் கேட்டதில்லை.

தேடல் மேடத்தின் போன் ஒலித்தது. ஜன்னலோரத்தின் நம்பர். மனசு துள்ள, எடுத்து, "சொல்லும்மா" என்றாள்.

"நான்தான்" என்றது அக்காவின் குரல். "என் போனை அடுப்படியிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"இவங்க வீட்டுல. பஸ் ஏத்திவிடத்தான் போனேன். அது அழுத அழுகையைப் பார்த்ததும் நானும் ஏறிட்டேன். இப்பதான் இதோட அம்மா கடையிலேர்ந்து வந்தாங்க. நடந்ததையெல்லாம் நானே சொல்லிட்டேன். அது சொல்லாதுன்னு தெரியும். கடை விஷயத்தையும் சொன்னேன். நாளைக்கு மத்தவங்க சொல்லித் தெரியறதுக்கு இன்னிக்கு வீட்டுல உக்காந்து தெரிஞ்சுக்கட்டும்னு."

அக்கா இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"அவங்க உன்கிட்ட பேசணுமாம். குடுக்கறேன்."

போன் கை மாறியது. பின்னால் ஜன்னலோரத்தின் குரல், வேணாம்மா, வேணாம்மா என்று. பிறகு ஒரு களைத்த குரல் வந்தது. அவசரமில்லாத குரல். நாள் முழுக்க ஆயிரம் பேருக்குத் துணி பிரித்துக் காட்டினால் வருகிற நிதானம்.

"நூலகத்து மேடமா? ஏதோ குழு இருக்குன்னு சொன்னீங்களாமே. அங்க வெளி ஆளுங்க வந்து பேசலாமா?"

"பேசலாம்மா. எதுக்கு?"

"அதைச் சொன்னது நான்தான்னு நான் வந்து சொல்றேன். என் மக கேட்டா, என் மககிட்ட சொன்னேன். அந்த சார் என்னைப் பார்த்ததில்ல, நானும் அவரைப் பார்த்ததில்ல. இதைச் சொல்ல எனக்கு என்ன பயம்?"

"உங்க பேரு வெளியில வந்துடும். வேலை..."

"கடை எதுன்னே தெரிஞ்சுடுச்சேம்மா. இனிமே என் பேரை மட்டும் மறைச்சு வெச்சு யாருக்கு லாபம்? என் பேரைப் போட்டே எழுதுங்க. நாளைக்குக் காலையில வரேன். இவ வரலைன்னாலும் நான் வரேன்."

மறுபடி அக்கா. "நான் இன்னிக்கு இங்கயே தங்கறேன். சாப்பாடு மேசைமேல மூடி வெச்சிருக்கேன். அவரை எடுத்துப் போட்டுக்கச் சொல்லு."

போனை வைத்துவிட்டுத் தேடல் மேடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டில் காலடிச் சத்தம். பெரியவர் மாடிக்கு ஏறி வருவது அபூர்வம். கையில் அக்காவின் போனை வைத்திருந்தார்.

"எங்க போனா இவ? போனையும் வெச்சுட்டுப் போயிருக்கா."

"அக்கா இன்னிக்கு வர மாட்டாங்களாம். சாப்பாடு மேசைமேல இருக்காம். எடுத்துப் போட்டுக்கச் சொன்னாங்க."

அவருக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"எங்க இருக்கா?"

தேடல் மேடம் சொல்லவில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். எந்த வீட்டுல இருக்கா?"

அவள் எழுந்து கைப்பையை ஆணியில் மாட்டினாள். பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தன் மனைவியைப் பார்த்தார், கேள்வியோடு. அவருக்கும் அவள் சொல்லவில்லை.